கையெழுத்துப் போட ஆளில்லாத மென்பொருள்

ஒரு கணினியின் இயங்குதளத்துக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று அதைத் தயாரித்தவர்களே அறிவித்துவிட்டால், அதன் பிறகு அதில் விழும் ஓட்டைகளை அடைக்க யாரும் வரமாட்டார்கள். வீடு இருக்கும், கதவு இருக்கும், பூட்டும் தொங்கும். அந்தப் பூட்டுக்குச் சாவி செய்வது எப்படி என்பது மட்டும் ஊருக்கே தெரிந்திருக்கும். மருத்துவ சேவை இயக்ககத்தின் இணையதளம் அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் ஒரு வருடத்துக்கும் மேலாகக் குடியிருந்தது.

அதைப் பற்றிப் பயப்படுவதற்கென்று இயக்ககத்தில் ஒரே ஒருவர் இருந்தார். அவருடைய பதவியின் பெயர் அடையாள அட்டையில் இரண்டு வரி வரும். பாஸ்வேர்டு மறந்துபோகும்போது மட்டும் எல்லோருக்கும் அவர் நினைவு வந்ததால், வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை அவரை 'பாஸ்வேர்டு' என்றே அழைத்தார்கள். "பாஸ்வேர்டு வந்தாச்சா?", "பாஸ்வேர்டு இன்னிக்கு லீவாம்." அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தார்.

அந்தத் தளத்துக்கு ஒரே வேலை. நகரத்து டயாலிசிஸ் மையங்களில் யாருக்கு எந்த நாள், எந்த நேரம், எந்த இயந்திரம் என்று முறை ஒதுக்குவது. நோயாளி தன் கைபேசியில் முறை எண்ணைப் பார்த்து, மைய வாசலில் சொல்ல வேண்டும். எண் சொன்னால்தான் இயந்திரத்தின் திரை திறக்கும். முன்பெல்லாம் மையங்களில் பெயர் எழுதிக்கொள்ள ஒரு நோட்டு இருந்தது. கணினிமயமாக்கல் முழுமையடைந்த விழாவில் இயக்குநர் தம் கையாலேயே அந்த நோட்டுகளைக் கிழித்தார். படம் எடுத்துச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். இனி எந்த மையமும் தாளில் எழுதி முறை தரக் கூடாது என்ற சுற்றறிக்கையும் பக்கத்திலேயே தொங்குகிறது.

பாஸ்வேர்டின் அக்காவுக்கும் அந்தத் தளத்தில்தான் முறை வரும். ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு முறை தவறினால் அவளுக்குக் கால் வீங்கும். இரண்டு தவறினால் மூச்சு வாங்கும். அதற்கு மேல் தவறினால் என்ன ஆகும் என்று மருத்துவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

தளம் ஓடும் கணினியான சர்வரில் யார் வந்தார்கள், எந்தக் கதவைத் தட்டினார்கள் என்று தானாகவே பதிவாகும். காலையில் அதைப் படிப்பது பாஸ்வேர்டின் வழக்கம். முன்பு எப்போதாவது ஒரு தட்டல் இருக்கும். ஆயுள் முடிந்த செய்தி பரவிய பிறகு ஒவ்வொரு நொடியும் தட்டினார்கள். அடுத்த கட்டடத்துப் போக்குவரத்து அலுவலகத்தின் தளத்தில் ஒருநாள் கறுப்புத் திரையும் நடுவில் ஒரு சிரிக்கும் முகமும் மட்டும் தெரிந்தன. அதன் பிறகு அந்த அலுவலகம் எந்த வண்டி யாருடையது என்பதை மக்களிடமே கேட்டு எழுதிக்கொண்டிருந்தது. அன்று பாஸ்வேர்டு சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

செய்ய வேண்டியது அவருக்குத் தெரியும். லினக்ஸ் என்பது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய, பிரித்துப் பார்க்கக்கூடிய திறந்த மூல இயங்குதளம். அதன் நடுப்பகுதி ஒன்றே ஒன்றுதான். அதைச் சுற்றி வேண்டிய மற்ற மென்பொருள்களையெல்லாம் சேர்த்து, ஒரு முழுப் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிற குழுக்கள் பல. அவற்றில் இணையதளம் நடத்த ஏற்ற பொட்டலம் எது என்று பார்க்க வேண்டும். எத்தனை வருடத்துக்குப் பழுது பார்ப்பார்கள், அடிக்கடி மாறித் தொல்லை தருமா, சந்தேகம் வந்தால் கேட்க ஆள் உண்டா என்று மூன்று கேள்விகள் கேட்டால் போதும். ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

ஆனால் இயக்ககத்தில் எதையும் தேர்ந்தெடுக்கும் உரிமை தேர்வுக் குழுவுக்கு மட்டுமே இருந்தது.

தேர்வுக் குழு மேல்மாடியில் ஒரு நீண்ட அறையில் கூடும். உள்ளே போகும் முன் கைபேசிகளைக் காவலாளியின் கூடையில் போட வேண்டும். உறுப்பினர்கள் மூவர். தலைவர், ஓய்வுக்குச் சில வருடங்களே பாக்கியிருந்த, எப்போதும் கழுத்துப் பட்டன்வரை போட்டிருக்கும் மனிதர். அவருக்கு வலப்பக்கம் கணக்கு அதிகாரி அம்மா, இடப்பக்கம் சட்ட ஆலோசகர். பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக, அறைக்குள் எந்தப் பொருளின் பெயரையும் உச்சரிக்கக் கூடாது. பாஸ்வேர்டு கொண்டுவந்த மூன்று பொட்டலங்களுக்கும் 'அ', 'ஆ', 'இ' என்று பெயர் வைத்தார்கள். முதல் எழுத்தைப் பெற்றதால் 'அ'வுக்குச் சலுகை காட்டியதாகிவிடாதா என்று சட்ட ஆலோசகர் கேட்டார். அந்தக் கேள்வியோடு முதல் கூட்டம் கலைந்தது.

இரண்டாவது கூட்டத்தில் கணக்கு அதிகாரி அம்மா பேனாவைத் திறந்தார்.

"விலை சொல்லுங்க."

"விலை இல்லைங்க மேடம். சும்மாவே எடுத்துக்கலாம்."

"விலை இல்லன்னா நான் எங்க எழுதறது? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"பூஜ்யம்னு போட்டுக்கங்க."

"அ?"

"பூஜ்யம்."

"ஆ?"

"அதுவும் பூஜ்யம்தாங்க. மூணுமே."

அம்மா பேனாவை மூடினார். தலைவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், இது நல்லா இல்ல. மூணு பேரும் உள்ளுக்குள்ள பேசி வெச்சுக்கிட்டு ஒரே விலை குடுத்திருக்காங்க. நாளைக்கு ஆடிட்ல வந்தா என் கழுத்துதான் போகும்."

"அவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசறதே சண்டை போடத்தாங்க மேடம்" என்றார் பாஸ்வேர்டு.

"சண்டை போடற மாதிரி காட்டிக்கறதுதான் வழக்கம்."

குறைந்த விலை சொன்னவரைக் கூப்பிட்டு, இன்னும் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசிய பிறகே வாங்க வேண்டும் என்பது இயக்ககத்தின் விதி. பேரம் நடந்ததற்குச் சான்று வேண்டும். "பூஜ்யத்துல இருந்து எவ்வளவு இறங்குவாங்கன்னு கேட்டு எழுதி வாங்குங்க. பெருசா வேணாம், கொஞ்சம் இறங்கினாப் போதும்" என்று அம்மா கேட்டுக்கொண்டார். அவர் கேலி செய்யவில்லை. எழுதிக்கொள்ளப் பேனாவை மறுபடி திறந்தார்.

சட்ட ஆலோசகருக்கு வேறு கவலை.

"இது கெட்டுப்போச்சுன்னா யாரைப் பிடிக்கறது?"

"யாரையும் பிடிக்க முடியாதுங்க. இதைச் செஞ்சவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. உலகம் பூரா. தன்னார்வலர்கள்."

"சம்பளம்?"

"நிறைய பேருக்கு இல்லைங்க."

"அப்புறம் எதுக்குச் செய்யறாங்க?"

பாஸ்வேர்டு யோசித்தார். "ஆசைக்குச் செய்யறாங்க சார்" என்றார்.

சட்ட ஆலோசகர் நிமிராமல் எழுதிக்கொண்டார்: 'உள்நோக்கம் தெளிவாக இல்லை.' பிறகு, அந்த ஆயிரக்கணக்கானவர்களும் தங்களுக்கு இயக்ககத்தில் உறவினர் யாரும் இல்லை என்று தனித்தனியே உறுதிமொழி தர வேண்டும் என்றார்.

கூட்ட முடிவில் தலைவர் எழுந்து சில வார்த்தைகள் பேசினார். அது ஒவ்வொரு கூட்டத்திலும் நடக்கும்.

"இந்தக் குழு எடுத்த எந்த முடிவுக்காகவும் இதுவரைக்கும் ஒருத்தர்கூடத் தண்டனை வாங்கினது கிடையாது. அதுல எனக்கு ரொம்பப் பெருமை. ஏன்னா இங்க யாரும் எந்த முடிவையும் எடுக்கறதில்ல. முடிவுங்கறது தானா எழணும். அது எழுந்திருக்கும்போது நாம சுத்தி உக்காந்திருந்தோம், அவ்வளவுதான். அவசரப்பட்டுக் கையை நீட்டினா, அந்தக் கை யாரோடதுன்னு பின்னாடி கேப்பாங்க."

மற்ற இருவரும் மேஜைக்குக் கீழே கைகளை வைத்துக்கொண்டார்கள்.

'ஆ'வைச் செய்கிற குழுவினரின் மின்னஞ்சல் வட்டத்துக்குப் பாஸ்வேர்டு ஒரு கடிதம் எழுதினார். எழுதும்போது காது சூடானது. விலையில் கொஞ்சம் இறங்க முடியுமா, எங்கள் அலுவலகத்தில் உங்களுக்கு உறவினர் உண்டா என்று கேட்டிருந்தார். அரை மணி நேரத்தில் பதில்கள் வரத் தொடங்கின. ஒருவர், எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டார். இன்னொருவர், இது கேலிக் கடிதம், பதில் எழுதாதீர்கள் என்றார். மூன்றாமவர், ஒருவர் உதவி கேட்டு வரும்போது இப்படிப் பேசுவதுதான் நம் வட்டத்தின் நோய் என்றார். அதன் பிறகு அவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். அந்த வட்டத்தில் இருந்த, பனி பெய்யும் ஏதோ ஓர் ஊரின் பேருந்து ஓட்டுநர் மட்டும் மையால் கையெழுத்திட்டு உறுதிமொழியை அனுப்பியிருந்தார். தனக்கு இயக்ககத்தில் உறவினர் எவரும் இல்லை, ஆனால் உங்கள் அவசரம் புரிகிறது, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கீழே கேட்டிருந்தார்.

அந்தக் கடைசி வரியைப் பாஸ்வேர்டு பல தடவை படித்தார். இயக்ககத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

"ஒருத்தர்தான் குடுத்திருக்கார்" என்று சட்ட ஆலோசகர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மத்தவங்க எல்லாம் தலைமறைவு."

அந்த வாரத்திலேயே ஒருநாள் காலையில் தளம் படுத்தது.

முறை மதியம்தான் என்றாலும் அக்காவை முன்னதாகவே மையத்துக்கு அழைத்துப் போயிருந்தார். வாசலில் கூட்டம். வழக்கமாக ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், அன்று எல்லோரும் தங்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு திரையிலும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சுவரோரம் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிய பாதங்களைக் குளிர்ந்த தரையில் வைத்திருந்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இயந்திரங்கள் காலியாக நின்றன.

"நம்பர் இல்லாம போட முடியாதுங்க" என்று நர்ஸ் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்கு மட்டும் ஆசையா? மெஷினே கேக்குது. போன தடவ தாள்ல எழுதிக் குடுத்த பொண்ண சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க."

பாஸ்வேர்டு நடைபாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் தட்டுகிறார்கள். வந்தவர்களை ஒவ்வொரு கும்பலாகத் தடுத்தார். ஒரு கும்பலைத் தடுத்தால் இன்னொன்று வந்தது. அவர் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. பக்கத்து நாற்காலியில் அக்கா மூச்சு விடும் சத்தம் கேட்டது. அவள் மூச்சு எப்போது இவ்வளவு சத்தமாயிற்று என்று அவருக்கு நினைவில்லை.

"ஏண்டா, ஒங்க கமிட்டி என்னதான் சொல்லுது?" என்றாள் அக்கா.

"பேரம் பேசச் சொல்லுதுக்கா."

"சும்மா குடுக்கறதுக்கா?"

"ம்."

"நல்லா பேசு. எனக்குப் பேசாத பேரமா. மாப்பிள்ளை வீட்ல வாட்ச் வேணாம்னு சொன்னப்பவே, அப்ப மோதிரமும் வேணாமான்னு கேட்டவன்தானடா நீ."

"சிரிக்க வைக்காதக்கா. கை வேற எங்கயோ போய் அடிக்குது."

"அடி, அடி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." சற்று நிறுத்தி மூச்சு எடுத்தாள். "இருந்தாலும் நான் போறதுக்குள்ள முடிவு பண்ணச் சொல்லு."

அவர் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

நடுப்பகலுக்குள் தளம் எழுந்தது. எண்கள் தெரிந்தன, கதவு திறந்தது. காலையில் முறை இருந்தவர்களுக்கு அவர்களுடைய நேரம் கடந்துவிட்டதாகத் தளம் சொன்னது. வீங்கிய கால்களோடு நின்ற பெரியவர் நாளை மறுநாள் வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டார். அக்காவின் முறை மதியத்தில் இருந்ததால் பிழைத்தாள்.

இதை அவர் குழுவிடம் எழுதிக் கொடுத்தார். எத்தனை தட்டல்கள், எங்கிருந்தெல்லாம் என்று விவரமாக எழுதியிருந்தார். அது நல்ல பலன் தந்தது. இயக்ககத்தின் ஆண்டு விழாவில் தலைவர் அதை மேடையிலேயே வாசித்தார்.

"போன வருஷத்தைவிட நம்ம தளத்துக்கு வர்றவங்க நூறு மடங்கு கூடியிருக்காங்க. ராத்திரி பகல்னு பார்க்காம, உலகத்துல இருக்கற அத்தனை நாட்டுலேர்ந்தும் நம்ம கதவைத் தட்டறாங்க. ஒருநாள் கூட்டம் தாங்க முடியாம தளமே நின்னுபோச்சு. வேற எந்த இயக்ககத்துக்கு இந்த மரியாதை கிடைச்சிருக்கு?"

கைதட்டினார்கள். பாஸ்வேர்டும் தட்டினார். தட்டாதவர்களை முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது பரிசோதனை. இயக்ககம் வாங்கும் எந்தப் பொருளும் பரிசோதனைக் கூடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்தக் கூடத்தின் விதிகள் மெத்தை, ஸ்ட்ரெச்சர், சக்கர நாற்காலி ஆகியவற்றுக்காக எழுதப்பட்டவை. மூன்று பென் டிரைவ்களில் மூன்று பொட்டலங்களையும் ஏற்றி எடுத்துக்கொண்டு பாஸ்வேர்டு நிலத்தடித் தளத்துக்குப் போனார். கூடத்தின் பொறுப்பாளர், தன் வேலையை நேசிக்கும் மனிதர், வெள்ளைக் கையுறை அணிந்து அவற்றை வாங்கினார்.

முதலில் எடை. ஒன்றும் ஏற்றாத ஒரு பென் டிரைவையும் பக்கத்தில் வைத்து நிறுத்தார். எடை ஒன்றாகவே இருந்தது. "உள்ள சரக்கு இல்லையே" என்றார்.

"அதுக்கு எடை கிடையாதுங்க."

"எடையில்லாத சரக்கை இவ்வளவு வருஷத்துல நான் வாங்கினதே இல்ல. சரி, எழுதிக்கறேன். 'காலியாக இருக்கலாம்.'"

பிறகு மூன்றையும் மாடி உயரத்திலிருந்து கீழே போட்டார்கள். தண்ணீரில் ஊறவைத்தார்கள். சூடான அடுப்புத் தட்டில் வைத்தார்கள். ஒரு நோயாளியின் சராசரி எடையுள்ள மணல் மூட்டையை மேலே ஏற்றி ஒரு வாரம் விட்டார்கள். 'அ' உடைந்தது. 'ஆ' வளைந்தது. 'இ' மட்டும் தப்பித்தது. கடையில் பென் டிரைவ் வாங்கும்போது மூன்றாவதாக ரப்பர் உறை போட்டதுதான் கிடைத்தது என்று பாஸ்வேர்டுக்கு அப்போது நினைவு வந்தது.

'இ' என்பது வாரத்துக்கு வாரம் மாறுகிற பொட்டலம். புதிதாக வருவதை முதலில் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கானது. இன்று ஓடுவது நாளை ஓடும் என்று அதைச் செய்கிறவர்களே சத்தியம் செய்ய மாட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே என்று அவர்தான் அதை மூன்றாவதாகச் சேர்த்திருந்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஓடினார்.

"சார், அது வேண்டாம். 'ஆ'தான் நிதானமானது. பல வருஷம் பழுது பார்ப்பாங்க. 'இ' போட்டா நாமளே தளத்தைக் கவுத்துக்கற மாதிரி."

"மணல் மூட்டையையே தாங்கியிருக்கு" என்றார் கணக்கு அதிகாரி அம்மா.

"அறிவியல் முடிவுக்கு எதிராப் பேசாதீங்க பாஸ்வேர்டு" என்றார் சட்ட ஆலோசகர். "அதோட, 'ஆ' மேல உங்களுக்கு என்ன அவ்வளவு அக்கறை? மூணு கூட்டமா கவனிக்கறேன்."

தலைவர் பாஸ்வேர்டின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, மேஜை மேல் இருந்த தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார்.

கடைசியாக ஒரே ஒரு தடை மிச்சமிருந்தது. மூன்றில் எது தேர்வானாலும், பொருளை வழங்குபவர் யார் என்ற இடத்தில் கையெழுத்து வேண்டும். உலகம் முழுக்கத் தேடினாலும் அந்தக் கையெழுத்தைப் போட ஆள் இல்லை. பேருந்து ஓட்டுநரைக் கேட்கலாம் என்று அம்மா சொன்னார். அவருக்கு வேலை நேரம் ஒத்து வராது என்று சட்ட ஆலோசகர் மறுத்தார். பிறகு மூவரும் ஒரே நேரத்தில் பாஸ்வேர்டைப் பார்த்தார்கள்.

"ஒரு பேச்சுக்குத்தான்" என்றார் சட்ட ஆலோசகர். "அவங்களுக்குப் பதிலா நீங்க வழங்குநர். அவ்வளவுதான். ஏதாவது ஆச்சுன்னா நாங்க உங்க மேல கேஸ் போடுவோம், நீங்க அவங்க மேல போட்டுக்கலாம்."

அவர் கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் குழு இன்னொரு வருடம் கூடும். அக்காவுக்கு அவ்வளவு நாள் கிடையாது. இப்படியாக, உலகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து செய்த இயங்குதளத்துக்கு அவர் ஒரே உரிமையாளர் ஆனார்.

இறுதிக் கூட்டத்தன்று காலை அவர் வழக்கம்போலப் பதிவைப் படித்தார். தட்டல்கள் குறைந்திருந்தன. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு, கீழே ஒரு வரியில், தான் உருவாக்காத ஒரு பயனாளர் பெயரைக் கண்டார். அந்தப் பெயர் விடியலில் உள்ளே வந்து, சில அறைகளைத் திறந்து பார்த்து, ஒன்றையும் தொடாமல் போயிருந்தது. அவர்கள் தட்டுவதை ஏன் நிறுத்தினார்கள் என்று அவருக்கு அப்போது விளங்கியது.

படிகளில் ஏறினார். அறையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், உள்ள வந்துட்டாங்க. இன்னிக்கே..."

சட்ட ஆலோசகர் கையை உயர்த்தினார். "நீங்க வழங்குநர். தேர்வு நடக்கறப்ப வழங்குநர் அறைக்குள்ள இருக்கக் கூடாது."

"தளத்தைப் பத்தித்தாங்க சொல்ல வந்தேன்."

"அது இன்னும் மோசம். வெளிய இருங்க."

முடிவு எழும்வரை உறுப்பினர்களை வெளியார் அணுகாதபடி கதவை வெளியிலிருந்து பூட்டி, சாவியைக் காவலாளியிடம் கொடுப்பது குழுவின் பழைய வழக்கம். காவலாளி பூட்டினார். இழுத்துப் பார்த்தார். "இனிமே சாயங்காலம்தான் சார். டீயே ஜன்னல் வழியாத்தான் போகும்" என்றார்.

பாஸ்வேர்டு பூட்டிய கதவைப் பார்த்து நின்றார். இந்தக் கட்டடத்தில் எதற்கும் அனுமதி தரக்கூடியவர்கள், எதையும் தடுக்கக்கூடியவர்கள் எல்லோரும் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. படிகளில் இறங்கினார்.

சர்வர் அறை கீழே இருந்தது. மூலையில் ஓர் உபரி இயந்திரம். ஒத்திகைக்கென்று பல வாரங்களுக்கு முன்பே அதில் 'ஆ'வை ஏற்றி, தளத்தையும் ஏற்றி வைத்திருந்தார். அது குற்றமில்லை, ஒத்திகை பார்க்க விதியில் தடை இல்லை. அதில் இணைய வலைக் கம்பியைச் செருகுவதுதான் குற்றம்.

முறைப் பட்டியலின் நேற்றைய பிரதியை அதில் இறக்கினார். அந்நியன் வந்து போவதற்கு முன் எடுத்த பிரதி. வரிக்கு வரி சரிபார்த்தார். இன்று காலை கொடுக்கப்பட்ட முறைகளைக் கையாலேயே சேர்த்தார். இரண்டு முறை தவறான எழுத்தை அடித்தார். நடைபாதையில் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து நின்று, ஒன்றும் செய்யாதவர்போலக் கையைக் கட்டிக்கொண்டார். டீக்காரர் போனார். பெருக்குகிறவர் போனார்.

தளம் ஓடிக்கொண்டிருந்த பழைய இயந்திரத்திலிருந்து கம்பியைப் பிடுங்கினார். நகரம் முழுக்க இப்போது அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். உபரி இயந்திரத்தில் செருகினார். ஒன்றும் நடக்கவில்லை. கம்பியை எடுத்து மறுபடி செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. அவர் அக்காவைக் கைபேசியில் கூப்பிட்டார்.

"அக்கா, முறையைத் திறந்து பாரு."

"மத்தியானம் மூணு மணின்னு காலைலயே பார்த்துட்டனே."

"இப்பப் பாருக்கா. தயவுபண்ணி."

நேரம் எடுத்தது. அவள் கண்ணாடியைத் தேடும் சத்தம் கேட்டது. "ம். மூணு மணி, ஆறாம் நம்பர் மெஷின்" என்றாள். "என்னடா, சட்டுனு வந்துருச்சு? எப்பவும் சுத்திக்கிட்டே இல்ல கிடக்கும்?"

அவர் மூக்கை உறிஞ்சினார்.

"அழறியா?"

"இல்லக்கா. ஏசி."

பழைய இயந்திரத்தை அணைக்கக் கை போனது. அணைத்தால் விளக்குகள் எரியாது, கேள்வி வரும். எதனோடும் இணைப்பில்லாமல் அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு மேலே வந்தார்.

மாலையில் உள்ளிருந்து கதவைத் தட்டினார்கள். முடிவு எழுந்துவிட்டது. தலைவர் நின்றுகொண்டு வாசித்தார்.

"மூன்று பொருள்களையும் ஆராய்ந்தோம். மூன்றிலும் விலை சந்தேகத்துக்குரியது, செய்தவர்கள் நோக்கம் தெரியாதது. ஆகவே எதையும் மாற்ற வேண்டாம் என்று குழுவுக்குத் தோன்றியிருக்கிறது. பழையது நமக்குத் தெரிந்தது. அதை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பது நினைவில்லாத அளவுக்குப் பழையது. அதைவிடப் பாதுகாப்பு வேறு எதில் இருக்கிறது?"

கணக்கு அதிகாரி அம்மா கூடையிலிருந்து தன் கைபேசியை எடுத்துத் தளத்தைத் திறந்தார். "பாருங்க சார், தொட்ட உடனே திறக்குது. இதைப் போய் ஆயுள் முடிஞ்சதுன்னு எழுதினாரே." அவர் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

சட்ட ஆலோசகர் ஒரு தாளை நீட்டினார். பழைய இயங்குதளத்தில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை, இனியும் செய்யப்படாது, மீறினால் பணிநீக்கத்துக்கும் வழக்குக்கும் சம்மதம் என்று அதில் இருந்தது. பாஸ்வேர்டு கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் அவர் போட்ட இரண்டு கையெழுத்துகளில் எது பெரிய பொய் என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்று மணி முறை முடிந்து அக்கா காத்திருப்பாள். அவர் லிப்டுக்கு விரைந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தலைவர் தனியாக வந்தார். நடைபாதையின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டார். கழுத்துப் பட்டன் கழன்றிருந்தது.

"தம்பி." அவர் பாஸ்வேர்டை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. "எங்க வீட்டம்மாவுக்கும் அந்த முறைதான். மூணு மாசமா. இங்க யாருக்கும் தெரியாது."

பாஸ்வேர்டு லிப்டின் பொத்தானை அழுத்தினார்.

"நாளைக்குக் காலைல அவளுக்கு. உண்மையைச் சொல்லு. அந்தப் பழசு தாங்குமா?"

"தாங்கும்னுதானே சார் தீர்மானம்."

"தீர்மானம் நான் எழுதினதுப்பா. அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். உன்னைக் கேக்கறேன்."

வாய் வரை வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம், அதைச் சொன்னால் இந்த மனிதர் இன்றிரவு தூங்குவார். பாஸ்வேர்டு அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாகச் சட்ட ஆலோசகர் தெரிந்தார். காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த கைகள் அசையாமல் நின்றிருந்தன. தலை லேசாக இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

"எதையும் மாத்தலைங்க சார்" என்றார் பாஸ்வேர்டு. "பழசுதான் ஓடுது."

தலைவரின் உதடுகள் வெளுத்தன. "நல்லது" என்றார். "நல்லதுப்பா. அப்படித்தான் இருக்கணும்."

லிப்டு வந்தது. பாஸ்வேர்டு ஏறித் திரும்பி, அவருக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார். தலைவர் ஏறவில்லை. கைபேசியைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு முறை தெரிகிற பக்கத்தைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். கதவு சாத்தும்வரை அவர் அதையே செய்துகொண்டிருந்தார்.